மைத்துனரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கி மகளை மருத்துவம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நாமக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாதம் 1.10 லட்சம் நிற்கும். மகள் பல்கேரியாவில் பிளெவன் நகரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள். கட்டணம் ஆண்டுக்கு 8,000 யூரோ. விடுதி, சாப்பாட்டுச் செலவைக் கடை வருமானத்தில் சமாளிக்கிறேன். கட்டணத்துக்கு மட்டும் என் மனைவியின் அண்ணனிடம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குகிறேன். இப்போது புரோநோட்டில் 22 லட்சம் நிற்கிறது. மாதம் 25,000 கட்டுகிறேன். மீதி வட்டியை ஆண்டுக்கு ஒருமுறை அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதுவோம். 90 லட்சம் மதிப்புள்ள சொந்த வீடு இருக்கிறது. பத்திரத்தை பேங்கில் வைக்க மனமில்லை. யூரோ ஏறிக்கொண்டே போவதால், ஃபாரெக்ஸ் டிரேடிங் (வெளிநாட்டு நாணய வணிகம்) செயலியில் 3 லட்சம் போட்டு ஈடுகட்டலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நீட் தகுதி, தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் எல்லாம் மூன்று ஆண்டுகளில் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அதற்குள் நான் போகவில்லை. யூரோவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். 2022-ல் 80 ரூபாய் வரை இறங்கியது, இப்போது நூறைத் தாண்டி நிற்கிறது. ஆனால் உங்களை மூழ்கடிப்பது யூரோ அல்ல. கட்டாத வட்டியை அசலில் சேர்த்து ஆண்டுதோறும் புது நோட்டு எழுதும் பழக்கம்தான்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடுங்கள். யூரோ 105 ரூபாய் என்றால் கட்டணம் 8.4 லட்சம். நான்காம் ஆண்டுக்கும் அவரிடமே வாங்கினால் நோட்டு 30.4 லட்சம் ஆகும். அதற்கு ஓராண்டு வட்டி 7.3 லட்சம், நீங்கள் கட்டுவது 3 லட்சம். மீதி 4.3 லட்சமும் ஐந்தாம் ஆண்டுக் கட்டணமும் சேர்ந்தால் 43 லட்சம். ஆறாம் ஆண்டு தொடங்கும்போது கிட்டத்தட்ட 59 லட்சம். மகள் பட்டம் வாங்கும்போது 70 லட்சம்! கைநீட்டி வாங்கப்போவது இன்றைய 22-ம் மூன்று ஆண்டுக் கட்டணம் 25-ம் சேர்த்து 47 லட்சம்தான். 70 லட்சத்துக்கு ரெண்டு வட்டி மாதம் 1.4 லட்சம். உங்கள் கடை வருமானமே அவ்வளவு இல்லை.

பட்டம் வாங்கியவுடன் சம்பளமும் வந்துவிடாது. இங்கே வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வை எழுத வேண்டும். 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் எழுதுகிறவர்களில் நால்வரில் ஒருவர், ஐவரில் ஒருவர் என்ற அளவில்தான் தேறுகிறார்கள். அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். உங்கள் மகள் நன்றாகவே படிக்கலாம். ஆனாலும் முதல் முறையே தேறிவிடுவாள் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வருமானம் இல்லாமல் போகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

சரி, என்ன செய்வது? வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரே வங்கியில் இரண்டு கடன் கேளுங்கள். பழைய கடனை அடைக்கக் கல்விக் கடன் தரமாட்டார்கள் என்பதால் 22 லட்சத்துக்கு வீட்டின் மேல் அடமானக் கடன், மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்விக் கடன். அடமானக் கடன் 11 சதவீதம், 15 ஆண்டு என்றால் மாதத் தவணை 25,000 ரூபாய். இன்று மைத்துனருக்குக் கொடுக்கிற அதே தொகை! அங்கே அதைக் கட்டியும் கடன் வளர்கிறது, இங்கே குறைகிறது. மகள் படிப்பை முடிக்கும்போது இதில் 20 லட்சம் பாக்கி இருக்கும். கல்விக் கடன் பத்தரை சதவீதத்தில் வட்டியோடு 30 லட்சம் சொச்சம். மொத்தம் 50 லட்சம், 70 அல்ல. கல்விக் கடனுக்குத் தவணை தொடங்குவதும் படிப்பு முடிந்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு கழித்துத்தான். 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு, அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் டிசிஎஸ் வரியும் கிடையாது.

பத்திரம் பேங்குக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் 70 லட்சத்துக்கு நோட்டு எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வீடு எத்தனை நாள் சொந்தமாக இருக்கும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடன் கொடுத்தவர் பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் வீட்டில் கல்யாண வயதில் பையன் இருந்தால், நாளைக்கு சம்பந்தப் பேச்சு வரும்போது உங்கள் மகளால் மனம்விட்டு ஒரு 'வேண்டாம்' சொல்ல முடிய வேண்டும். அதற்காகவே இந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள். மனைவியோடு சேர்ந்து நேரில் போய், அவர் உதவிக்கு நன்றி சொல்லி, தேதி குறித்துவிட்டு வாருங்கள். பணத்தை வங்கி மூலமே திருப்புங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இனியாவது ரொக்கம் வேண்டாம்.

அந்த ஃபாரெக்ஸ் செயலி வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022-லேயே வெளியிட்டது. இப்படி மார்ஜின் (சிறு முன்பணம்) வைத்துப் பெரிய தொகைக்கு ஆடும் வணிகத்துக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே விதிமீறல். யூரோவுக்கு ஈடு வேண்டும் என்றால் அந்த 3 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டு வையுங்கள். விலை ஏறும் ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம்.

அதிலேயே ஒரு பங்கை மகளின் ஜெர்மன் மொழி வகுப்புக்கு ஒதுக்கலாம். அவள் வாங்கப்போவது ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பட்டம். பி2 என்ற மேல்-இடைநிலை அளவு ஜெர்மன் மொழியும், மருத்துவர்களுக்கான மொழித் தேர்வும் தேறினால் ஜெர்மனியில் வேலைக்கு வழி இருக்கிறது. நான்காம் ஆண்டிலேயே தொடங்கினால்தான் கைகூடும். அவளிடம் இந்தக் கடன் கணக்கையும் காட்டிவிடுங்கள். 21 வயதுப் பெண்ணுக்குப் புரியாத கணக்கு இல்லை இது.

அடுத்த கட்டணத்துக்கு முன் வங்கி வேலைகளுக்கு இரண்டு மாதமாவது கையில் இருக்க வேண்டும். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, பல்கலைக்கழகத்தின் கட்டணக் கடிதம் எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். மைத்துனருக்குப் பணம் போகும் அன்றே புரோநோட்டை, பழைய நோட்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து, திருப்பி வாங்கிவிடுங்கள்.