சீட்டுக் காசில் ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். மகள் சிக்ஸ்த் ஃபோமில் பன்னிரண்டாம் ஆண்டு. 2027இல் லண்டனுக்கு வெளியே கணக்கியல் படிக்கப் போக நினைக்கிறாள். நானும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 65,000 பவுண் உழைக்கிறோம். அடுத்த வருடம் முடிகிற சீட்டில் 30,000 பவுண் வரும். பிள்ளைக்குக் கடன் வேண்டாம், மூன்று வருட ஃபீஸையும் நானே கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். சீட்டைக் கழிவு போட்டு (தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு) இப்போதே எடுக்கட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஃபீஸுக்கென்று அந்தக் காசைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இங்கிலாந்தில் 2025/26க்கான ஃபீஸ் 9,535 பவுண், 2026/27இல் 9,790. உங்கள் மகளின் காலத்தில் இன்னும் கூடலாம். இதற்கான அரச கடன் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை, நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். படிப்பு முடிந்து அவள் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால், மேலதிகத் தொகையில் மட்டும் 9 சதவீதம் சம்பளத்தில் கழியும். 32,000 உழைத்தால் மாதம் 52 பவுண் 50 பென்ஸ். வேலை போனால் அந்தப் பிடித்தமும் நிற்கும். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நீங்கள் பிணை நிற்பதில்லை. வீட்டு வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை. வட்டி விலைவாசி ஏற்றத்தோடு போகும், அதை மறைக்கவில்லை. நல்ல சம்பளத்துக்குப் போகும் பிள்ளை முழுவதையும் கட்டி முடிக்கவும் கூடும். ஆனால் விரும்பிய நேரத்தில், தண்டம் எதுவுமில்லாமல், முன்கூட்டியே அடைக்கலாம். ஐந்து வருடம் கழித்து அவள் சம்பளத்தைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

‘கடன் படாமல் படிப்பித்தேன்’ என்று சொல்வதில் நமக்கொரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமைக்கு 30,000 பவுண் கொஞ்சம் அதிக விலை.

உங்கள் கையைக் கடிக்கப் போவது வேறு செலவு. வாழ்க்கைச் செலவுக்கான கடன் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. லண்டனுக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு 2025/26இல் அதிகபட்சம் 10,544 பவுண். வீட்டு வருமானம் 25,000ஐத் தாண்டியதும் அது குறையத் தொடங்கும். உங்கள் வருமானத்துக்குக் கிடைப்பது 5,000ஐயும் எட்டாது. மிச்சத்தைப் பெற்றோர் போடுவார்கள் என்பது அரசின் கணக்கு, ஆனால் அதை யாரும் உங்களுக்குக் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. வருடத்துக்கு ஏறத்தாழ 5,600 பவுண் பள்ளம், மூன்று வருடத்துக்கு 17,000க்குக் கிட்ட. சீட்டுக் காசின் இடம் அதுதான்.

2027/28க்கான இந்தக் கடனுக்கு அரசு பார்ப்பது 2025-26 வரி ஆண்டின் வருமானத்தை. அதன்பின் உங்கள் வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், நடப்பு ஆண்டின் கணக்கில் மதிப்பிடும்படி கேட்கலாம்.

இன்னொன்று. மகளுக்கு உண்மையிலேயே கணக்கியல்தான் விருப்பமென்றால், அப்ரண்டிஸ்ஷிப்பை ‘படிக்காத பிள்ளைகளின் வழி’ என்று ஒதுக்காதீர்கள். ஏ லெவல் முடித்த கையோடு கணக்காய்வு நிறுவனங்களில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே சார்ட்டர்ட் கணக்காளர் ஆகலாம். படிப்புச் செலவு அவள் தலையில் விழாது. போட்டி கடுமை. பதின்மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பல நிறுவனங்கள் விண்ணப்பம் எடுக்கத் தொடங்கும், இடம் நிரம்பியதும் மூடிவிடும். இது யூகாஸில் (பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பு) போடும் ஐந்து தெரிவுகளில் சேராது என்பதால் இரண்டுக்கும் ஒன்றாகவே விண்ணப்பிக்கட்டும்.

பல்கலைக்கழகந்தான் என்று முடிவானால், இடம் உறுதியாகும்வரை காத்திராமல் வசந்த காலத்திலேயே கடனுக்கு விண்ணப்பியுங்கள். வாழ்க்கைச் செலவுக் கடனின் முதல் தவணை, அவள் போய்ப் பதிவு செய்த பிறகுதான் கணக்கில் விழும். அதற்கு முன் அறைக்கு முற்பணம், சட்டி பானை, போர்வை எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். அதற்கு மட்டும் 2027 கோடையில் கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும்.