கேமரா ரெடி கட்டுரையை டிடிபி சென்டரில் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நான். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஐட்ரிபிள்ஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) மாநாடு ஒன்றில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்குத் தயாரான இறுதிப் பிரதி (கேமரா ரெடி) கொடுக்க ஆறு நாள்தான் இருக்கிறது. கோப்பைச் சோதிக்கும் அவர்களுடைய பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் தளத்தில் ஏற்றினால் 'ஃபான்ட் எம்பெட் ஆகவில்லை' என்று மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. ஆறு பக்கத்துக்கு மேல் கூடாதாம், என்னுடையது ஏழரைப் பக்கம் வருகிறது. பேருந்து நிலையம் பக்கம் ஒரு டிடிபி சென்டரில், சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை) குறைப்பது உட்பட எல்லாவற்றையும் 4,500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: கொடுக்க வேண்டாம். ஃபான்ட் பிழை அரை மணி நேர வேலை. பக்கம் குறைப்பது இரண்டு மாலை நேர வேலை, அதையும் ஆய்வு செய்த நீங்கள்தான் செய்ய முடியும். அந்த 4,500 ரூபாயில் உண்மையில் ஆபத்தானது சிமிலாரிட்டி என்ற சொல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் பிழையைத் தீர்ப்போம்.

எம்பெட் என்றால் பெரிய விஷயமில்லை. வெளியூர் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துப் போவது போல, கோப்பு தனக்கு வேண்டிய எழுத்துருக்களைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். போகிற கணினியில் டைம்ஸ் நியூ ரோமன் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போனால் தளம் திருப்பி அனுப்பிவிடும். பிடிஎஃப் செய்யும் மென்பொருள்களில் 'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. கோப்பைச் சிறிதாக்குவதற்காக டைம்ஸ், ஏரியல் போன்ற பொதுவான எழுத்துருக்களை அது வேண்டுமென்றே விட்டுவிடும். இணையத்தில் இலவசமாக பிடிஎஃப் சுருக்கித் தரும் தளங்களையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

வேர்டில் ஃபைல், சேவ் ஆஸ் போய், வகையை பிடிஎஃப் என்று மாற்றி, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அங்கே 'ஐஎஸ்ஓ 19005-1' அல்லது 'பிடிஎஃப்/ஏ' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் போடுங்கள். புக்மார்க் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடவுச்சொல் எதுவும் போடக் கூடாது. சேமித்த கோப்பை அடோபி ரீடரில் திறந்து, கன்ட்ரோலையும் 'டி'யையும் சேர்த்து அழுத்தி, ஃபான்ட்ஸ் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் தளம் ஏற்காது.

அப்படியும் திரும்பி வந்தால், பிழை அறிக்கையில் எந்த எழுத்துருவின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்யாத ஹெல்வெட்டிகாவோ ஏரியலோ அங்கே இருந்தால், அது வாசகத்திலிருந்து வரவில்லை, படத்திலிருந்து வருகிறது. மேட்லாப், ஆரிஜின் போன்ற மென்பொருள்களில் எடுத்த வரைபடத்தின் அச்சில் உள்ள எண்கள் அந்த எழுத்துருவில் இருக்கும். பக்கத்தை எத்தனை முறை மறுபடி தட்டச்சு செய்தாலும் அது போகாது. மூன்று முறை உங்களுக்குத் திரும்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த வரைபடத்தை 600 டிபிஐ அளவில் பிஎன்ஜி படமாக எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். படத்துக்குள் எழுத்துரு என்று ஒன்றே இருக்காது, பிழையும் வராது. இன்னொரு வழியும் உண்டு. பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் தளத்தில் வேர்டு கோப்பையே ஏற்றினால் தளமே பிடிஎஃப் ஆக்கித் தரும், அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. டிடிபி சென்டர்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று. பிடிஎஃப் எக்ஸ்பிரஸில் 'பாஸ்' என்று வந்ததும் கட்டுரையைக் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தளம் சோதித்துத் தருவதோடு சரி. தேறிய கோப்பை நீங்கள்தான் மாநாட்டின் சமர்ப்பிப்புத் தளத்தில் தனியாக ஏற்ற வேண்டும். பாஸ் மின்னஞ்சல் கையில் இருந்தும் கெடு தாண்டி, தொகுப்பில் இடம் இழந்த கட்டுரைகள் உண்டு.

ஏழரைப் பக்கத்தை ஆறாக்க ஓரத்தை நெருக்காதீர்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். மாதிரிக் கோப்பான டெம்ப்ளேட்டில் தலைப்பு 24 புள்ளி, வாசகம் 10, சுருக்கம் 9, படக் குறிப்பும் நூற்பட்டியலும் 8. இவை உங்கள் விருப்பத்துக்கு விட்டவை அல்ல. இடம் பிடிக்க வேண்டியது வேறு இடத்தில். 'இக்கட்டுரையின் பிற பகுதிகள் பின்வருமாறு' என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் அடிப்படை வரையறைகளையும் கட்டப்படத்தையும் எடுங்கள். ஒரே முடிவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் இரண்டு முறை காட்டியிருப்பீர்கள், அநேகமாக எல்லோரும் செய்வதுதான். ஒன்று போதும். நூற்பட்டியலில் ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் முதல் பெயரும் 'எட் ஆல்' (மற்றும் பிறர்) என்பதும் போதும். இவ்வளவில் ஒரு பக்கம் எளிதாக மிச்சமாகும். மீதி அரைப் பக்கம் பெரும்பாலும் முன்னுரையில்தான் ஒளிந்திருக்கும்.

படத்தைக் குறுக்கியும் இடம் பிடிக்காதீர்கள். எக்செலில் 10 அங்குல அகலத்தில், 12 புள்ளி எழுத்தில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பக்கம் இரண்டு நெடுவரிசையாக இருக்கும், ஒன்றின் அகலம் 3.5 அங்குலம். அதில் ஒட்டினால் எழுத்து நாலு புள்ளி சொச்சத்துக்கு வந்துவிடும், பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்ணுக்குச் சிரமம். ஆரம்பத்திலேயே வரைபடத்தின் அகலத்தை 8.89 சென்டிமீட்டர் என்று கொடுத்து, எழுத்தை 8 புள்ளியில் வைத்து வரையுங்கள். கோடுகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் ஒன்றைப் புள்ளிக்கோடு, இன்னொன்றை முழுக்கோடு ஆக்குங்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவரும் படிக்க வேண்டுமே. படத்தை இணை ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் தெளிவு போய்விடும்.

பக்க எண், மேல்தலைப்பு எதுவும் போட வேண்டாம், அதெல்லாம் தொகுப்பவர்கள் வேலை. டெம்ப்ளேட்டோடு வரும் வழிகாட்டி வரிகளில் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் கட்டுரை வெளியாகாமல் போகலாம் என்று டெம்ப்ளேட்டே எச்சரிக்கிறது.

இனி உங்கள் பெயர். நம் பக்கத்து ஆள்களுக்கு மட்டும் வருகிற தலைவலி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மற்ற ஊர்களில் இனிஷியல் பெரும்பாலும் ஓர் எழுத்து. செட்டிநாட்டில் ஆர்எம்., ஏஎல்., பிஎல்., எஸ்பி. என்று ஒரே பெயருக்கு இரண்டு எழுத்து வரும். அழகப்பச் செட்டியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆர்எம். போல. இது கணினிக்குப் புரியாது. ஒருவரின் பெயர் ஆர்எம். வள்ளியம்மை என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். வள்ளியம்மை முதல் பெயர், ஆர்எம். கடைசிப் பெயர் என்று நிரப்பினால், மேற்கோள் காட்டுகிற எல்லோரும் 'வி. ஆர்எம்' என்று போடுவார்கள். சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகத் தேய்ந்து, இனிஷியல் குடும்பப் பெயராகிவிடும். திருப்பி நிரப்பினாலும் கணினி முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஆர். வள்ளியம்மை' ஆக்கிவிடும், எம் காணாமல் போகும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் எத்தனை ஆர். வள்ளியம்மைகள், எத்தனை எம். மீனாட்சிகள்! ஒருவர் கட்டுரை இன்னொருவர் கணக்கில் சேர்வது இப்படித்தான்.

என் யோசனை, தகப்பனார் பெயரை முழுதாக விரித்து முதல் பெயர்க் கட்டத்திலும், உங்கள் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். ராமநாதன் வள்ளியம்மை என்று. மேற்கோளில் 'ஆர். வள்ளியம்மை' என்றுதான் வரும், ஆனால் முழுப்பெயர் பதிவில் இருக்கும். மாற்றிப் போட்டால் 'ராமநாதன் எட் ஆல்' என்று உங்கள் அப்பா ஆய்வு செய்ததாக ஆகிவிடும். கூடவே ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்சிட் எண் எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலுக்கு மாறுகிறவர்கள், ஆய்வு முடியும்வரை கட்டுரைகளில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு கொடுக்கும் நாளில் பல்கலைக்கழக அலுவலகம் பதிவுப் பெயரையும் கட்டுரைப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஓர் எழுத்து மாறியதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்டு அலையவிடுகிற இடத்தில், கட்டுரையின் தரத்தை யாரும் அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை என்பதுதான் வேதனை. ஊர்ப்பெயரும் அப்படியே. ஒரு கட்டுரையில் காரைக்குடியை ஒற்றைக் 'கே' போட்டும் அடுத்ததில் இரட்டைக் 'கே' போட்டும் எழுதாதீர்கள். கல்லூரி தன் முத்திரையில் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள்.

காப்புரிமைப் படிவத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயர் வரிசையும் கட்டுரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பணியாளர் வகை கேட்கும் இடத்தில் 'கிரவுன் கவர்ன்மென்ட்' என்று ஒரு தேர்வு வரும். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் அரசு என்றதும் அதைத் தொட்டுவிடுகிறார்கள். அது பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் அரசு ஊழியர்களுக்கானது. நமக்கு எப்போதும் 'ஆல் அதர்ஸ்'தான். அதற்குரிய காப்புரிமை வரி முதல் பக்கத்தின் அடியில், இடது நெடுவரிசையில் வர வேண்டும். அதைச் சேர்த்த பிறகு பிடிஎஃப் எடுங்கள், முன்பு எடுத்தது செல்லாது.

இப்போது சிமிலாரிட்டி. குறைத்துத் தருகிறேன் என்பவர்கள் செய்வது ஒன்றே ஒன்று, ஒரு மென்பொருளில் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் மாற்றுவது. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' ஆகும். 'பிரெஸ்ட் கேன்சர்' 'புஸம் பெரில்' ஆகும். இப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே 2021 முதல் ஆய்வாளர்கள் இறங்கியிருக்கிறார்கள். 2022-இல் ஐஓபி பதிப்பகம் நூற்றுக்கணக்கான மாநாட்டுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற கட்டுரையின் மேல் அந்த முத்திரை என்றைக்கும் நிற்கும், டிடிபி சென்டர்க்காரர் பெயர் அதில் இருக்காது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது, நூற்பட்டியலும் முறையாகச் சுட்டிய மேற்கோளும் கணக்கில் வராது. அதற்கு மேல் இருந்தால் அந்தப் பத்தியை நீங்களே மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் சொல்லில் எழுதி, மூலத்தைச் சுட்டுங்கள்.

இன்னொரு பொறி. கட்டுரையை, சிமிலாரிட்டி சோதிக்கும் மென்பொருளான டர்னிட்டினில் யாருடைய கணக்கிலோ போட்டு 'சோதித்துத் தருவார்கள்'. 'நோ ரெப்பாசிட்டரி' என்று தேர்வு செய்யாவிட்டால் கட்டுரை அங்கேயே சேமிக்கப்பட்டுவிடும். நாளைக்கு உங்கள் ஆய்வேட்டை அதே மென்பொருளில் சோதித்தால், உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். உங்கள் கல்லூரி நூலகத்தின் மூலமாக, அந்தத் தேர்வைப் போடச் சொல்லிச் சோதியுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, சமர்ப்பிப்புக் கணக்கை அவர்கள் மின்னஞ்சலில் தொடங்குவது. தொடர்பு ஆசிரியரின் முகவரி அவர்களுடையதாகிவிடும். திருத்தக் கடிதம், காப்புரிமை இணைப்பு எல்லாம் அங்கேதான் போகும், ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கடை வாசலில் நிற்க வேண்டிவரும். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் பெயர் ஆசிரியர் வரிசையில் நுழைவதும் இந்த வழியில்தான். மின்னஞ்சல், கடவுச்சொல், வேர்டு கோப்பு, இந்த மூன்றும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளம் ஸ்கோப்பஸ். 'ஸ்கோப்பஸ் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்ப்பதா இல்லையா என்பது ஸ்கோப்பஸின் முடிவு, மாநாட்டுக்காரர் கையில் இல்லை. ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறது என்பதும் சான்று ஆகாது, இந்தியாவில் அதை இலவசமாகவே தருகிறார்கள். உங்கள் மாநாட்டுக்கு ஐந்து இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும், பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் அடையாளம் பெரும்பாலும் அந்த எண்ணோடு ஒரு எக்ஸ் சேர்ந்தது. ஐட்ரிபிள்ஈயின் மாநாட்டுத் தேடல் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பதிவுக் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் விசாரியுங்கள்.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை விடாமல் வைத்திருக்கின்றன, கல்லூரிகளோ ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டுக்கு எண்ணிக்கை கேட்கின்றன. ஆறு நாள் கெடுவும் இந்த எண்ணிக்கைப் பசியும் சேர்ந்துதான் அந்தக் கடைகளைப் பிழைக்க வைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி இன்றைக்கு என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் பக்கம் குறைப்பதற்கும் படங்களுக்கும். நான்காம் நாள் பெயர், ஊர், காப்புரிமை. ஐந்தாம் நாள் காலையில் பிடிஎஃப் எக்ஸ்பிரஸ், மாலையில் மாநாட்டுத் தளம். கடைசி நாள் மாலையில் தளம் திணறும், அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றிய பிறகு அதே தளத்திலிருந்து கோப்பைத் திரும்ப இறக்கி, முதல் பக்கத்தில் காப்புரிமை வரியும் கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியலும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். மாநாட்டு நாளில் நீங்களோ இணை ஆசிரியரோ கட்டுரையை வாசிக்கவும் வேண்டும். வாசிக்காத கட்டுரையைத் தன் இணைய நூலகமான எக்ஸ்ப்ளோர் தளத்தில் சேர்க்காமல் விட ஐட்ரிபிள்ஈக்கு உரிமை உண்டு. அந்தத் தேதிக்கான விடுப்பைக் கல்லூரியில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.