பாப்பாவோட 0.2 சதவீதம்

அன்புள்ள சார்,

நான் ஈரோடு. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. பாப்பா பெங்களூர்ல ஐடி கம்பெனியில 24 லட்சம் வாங்கிட்டு இருக்கா. இப்ப ஒரு ஏஐ ஸ்டார்ட்டப்ல கூப்பிடறாங்க, சம்பளம் 15 லட்சம்தான், மிச்சத்துக்கு ஈசாப்னு 0.2 சதவீதம் ஷேர் தர்றாங்களாம். கம்பெனி மதிப்பு 10 கோடி டாலராம். நான் போட்டுப் பார்த்தேன், 2 லட்சம் டாலர் வருது, நம்ம காசுக்கு ஒன்றேமுக்கால் கோடி. சாட்ஜிபிடி பண்ற ஓபன்ஏஐ கம்பெனியில வேலை செய்யறவங்க ஷேரை வித்தே கோடீஸ்வரன் ஆயிட்டாங்கன்னு பேப்பர்ல வேற போட்டிருந்தான். என் கணக்கு சரிதானா? அவகிட்ட கேட்டா "உங்களுக்குப் புரியாதுப்பா"ங்கறா.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள சார்,

பெருக்கல்ல தப்பில்ல. ஆனா அந்த 10 கோடி டாலர் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. யாரோ ஒரு இன்வெஸ்டர் 2 கோடி டாலர் போட்டு அஞ்சுல ஒரு பங்கு வாங்கியிருப்பார், அதை அஞ்சால பெருக்கி 10 கோடின்னு சொல்றாங்க, பேங்க்குக்கு வந்தது என்னவோ 2 கோடிதான். பெருந்துறை ரோட்டுல எவனோ ஒரு மனையை நல்ல ரேட்டுக்கு வாங்கிட்டான்னா அந்த லைன்ல இருக்கற எல்லாரையும் கோடீஸ்வரன்னு டீக்கடையில பேசுவாங்கல்ல, அதே கணக்கு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அந்த இன்வெஸ்டர் கையில இருக்கறதும் பாப்பாவுக்கு தர்றதும் ஒரே ஷேர் கிடையாது. அவருது ப்ரிஃபரன்ஸ் ஷேர். கம்பெனியை வித்தா அவர் போட்ட காசை முதல்ல எடுத்துக்குவார், மிஞ்சினாதான் மத்தவங்களுக்கு, இதுக்கு லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்னு பேரு. இதுவரைக்கும் மூணு ரவுண்டுல 3 கோடி டாலர் வாங்கியிருக்காங்கன்னு வைங்க, நாளைக்கு கம்பெனி 3 கோடிக்கு கைமாறுச்சுன்னா "ஏஐ ஸ்டார்ட்டப் 3 கோடி டாலருக்கு விற்பனை"ன்னு நியூஸ் வரும், ஃபவுண்டர் லிங்க்ட்இன்ல உருக்கமா ஒரு போஸ்ட் போடுவார், பாப்பாவுக்கு ஒத்த ரூபா வராது.

சரி, நல்ல விலைக்கே போகுதுன்னு வைங்களேன். அங்கயும் இப்ப ஏஐ ஃபீல்டுல ஒரு புது வழக்கம் வந்திருக்கு. பெரிய கம்பெனிங்க சின்ன கம்பெனியை முழுசா வாங்கறதில்ல, மேல இருக்கற ஆளுங்களை மட்டும் வேலைக்கு எடுத்துட்டு டெக்னாலஜிக்கு லைசன்ஸ் ஃபீஸ்னு ஒரு தொகையை குடுத்துடறாங்க. 2024 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் இன்ஃப்ளெக்‌ஷன்கிட்ட பண்ணுச்சு, ஆகஸ்ட்ல கூகுள் கேரக்டர் ஏஐகிட்ட பண்ணுச்சு. முழுசா வாங்கினா போட்டி ஒழுங்குமுறை ஆளுங்க வந்து ஃபைலைத் தோண்டுவாங்கல்ல, அந்தத் தலைவலி இதுல கம்மி.

இதுல வின்ட்சர்ஃப் கதைதான் பாப்பா கட்டாயம் படிக்க வேண்டியது. கோட் எழுத உதவற ஏஐ டூல் பண்ற கம்பெனி, ஒரு 250 பேர். 2025 மே மாசம் ஓபன்ஏஐ 3 பில்லியன் டாலருக்கு, அதாவது 300 கோடி டாலருக்கு, வாங்கப் போகுதுன்னு நியூஸ் வந்துச்சு, வேலை செய்யறவங்க எல்லாம் உங்களை மாதிரியே மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்திருப்பாங்க. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, அந்த டீல் போச்சு. அன்னைக்கே கூகுள் 2.4 பில்லியன் டாலருக்கு லைசன்ஸ் டீல் போட்டு சிஇஓ வருண் மோகனையும் கூட ஆரம்பிச்சவரையும் ரிசர்ச் டீம்ல கொஞ்ச பேரையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. மிச்சப் பேர் ஆபீஸ்ல உக்காந்து முழிக்கறாங்க, முக்கியமா புதுசா சேர்ந்தவங்க. வழக்கமா ஒரு வருஷம் வேலை செஞ்சாதான் ஷேர் சேர ஆரம்பிக்கும், அவங்களுக்கு அது கூட முடியாததால ஒரு ஷேர் கூட கைக்கு வந்திருக்காது. திங்கக்கிழமை காக்னிஷன்னு இன்னொரு ஸ்டார்ட்டப் வந்து மிச்ச கம்பெனியை வாங்கி, எல்லாருக்கும் பங்கு உண்டு, அந்த ஒரு வருஷக் கணக்கெல்லாம் பாக்க மாட்டோம்னு சொன்னதால தப்பிச்சாங்க. தப்பிச்சாங்கன்னு முழுசா சொல்லவும் முடியல, மூணே வாரத்துல 30 பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு, மத்தவங்ககிட்ட வேணும்னா ஒன்பது மாச சம்பளத்தை வாங்கிட்டு கிளம்புங்கன்னுட்டாங்க.

ஓபன்ஏஐ நியூஸ் நிஜம்தான். 2025 அக்டோபர்ல அங்க இருக்கறவங்களும் முன்னாடி இருந்தவங்களும் 6.6 பில்லியன் டாலருக்கு ஷேர் வித்தாங்க, கம்பெனி மதிப்பு 500 பில்லியன்னு வச்சு. ஆனா அங்க வாங்கறதுக்கு ஆள் க்யூவுல நிக்கறான் சார். பாப்பா கம்பெனி ஷேரை ஸ்டாக் மார்க்கெட்டுல விக்க முடியாது, கம்பெனியே ஏற்பாடு பண்ணி ஆளைக் கூட்டிட்டு வந்தாதான் உண்டு. நம்ம சென்னையில வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ங்கற அமெரிக்க ஸ்டாக் மார்க்கெட்டுல லிஸ்ட் ஆனப்ப 500 பேருக்கு மேல கோடீஸ்வரன் ஆனாங்கன்னு அதோட ஃபவுண்டரே சொன்னார், எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. 36 டாலர்னு விலை வச்சு வெளியிட்ட ஷேர், 2025 கடைசியில அதுல பாதி கூட இல்ல. விக்காம வச்சிருந்தவங்க பாடு வேற.

வரி வேற இருக்கு. ஈசாப்ல குடுக்கறது நேரா ஷேர் இல்ல, பின்னாடி ஒரு குறிச்ச விலை கட்டி ஷேர் வாங்கிக்கற உரிமை, அதுக்குப் பேரு ஆப்ஷன். ஆப்ஷனை ஷேரா மாத்தற அன்னைக்கே, அன்னைய மதிப்புக்கும் இவ கட்டற விலைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை சம்பளமா எடுத்துக்கிட்டு வரி போடுவாங்க, கையில ஒரு ரூபா வராமலே. சில ஸ்டார்ட்டப்புக்கு மட்டும் 2020 பட்ஜெட்ல இதைத் தள்ளிப் போடற வசதி குடுத்தாங்க, அதுலயும் வேலையை விட்டா வரி வந்து நிக்கும்.

என்கிட்டயே ஒரு ஈசாப் லெட்டர் இருக்கு சார். 2000-கள்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில குடுத்தது, 4000 ஆப்ஷன். வீட்டுப் பத்திரம் வைக்கற பிளாஸ்டிக் ஃபைல்லயே இருக்கு, கிளிப் துருப்பிடிச்சு பேப்பர்ல காவி கலர்ல ஒரு கறை. கம்பெனியை யாரோ வாங்கினாங்க, எங்களுக்கு ஒரு நன்றி மெயில் வந்துச்சு.

அதுக்காக போகவே வேண்டாம்னு சொல்லல. இந்த வயசுல ஏஐ வேலையைக் கத்துக்கறது காசு குடுத்தாலும் கிடைக்காது. ஆனா 24-ல இருந்து 15-ன்னா வருஷத்துக்கு 9 லட்சம், நாலு வருஷத்துக்கு 36 லட்சம் அவ அந்த கம்பெனியில போடற மாதிரி. அப்ப அவளும் ஒரு இன்வெஸ்டர்தானே, ப்ரிஃபரன்ஸ் ஷேர் மட்டும்தான் இல்ல. அதனால இன்வெஸ்டர் மாதிரி கேள்வி கேக்கட்டும்: இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு வாங்கியிருக்கீங்க, முதல்ல யார் எடுக்கறாங்க, என் ஆப்ஷனுக்கு நான் என்ன விலை கட்டணும், வேலையை விட்டா அதை ஷேரா மாத்த எத்தனை நாள் டைம், ஃபவுண்டரை மட்டும் யாராவது தூக்கிட்டுப் போனா எங்களுக்கு என்ன. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கற கம்பெனின்னா யோசிக்கணும். அப்புறம் சம்பளம் 20 கேக்கச் சொல்லுங்க, ஈசாப் 0.1-ஆ குறைஞ்சாலும் பரவால்ல.

"உங்களுக்குப் புரியாதுப்பா"ன்னா இந்தப் பதிலை அப்படியே வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க. கம்பெனியில என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க சார்.