வளக்குற பாம்பு சட்டைய பாதில நிறுத்திருச்சு, கையால உரிச்சு விடலாமா?

கூடாதுங்க. கண்ணு மேல ஒட்டியிருக்குன்னா நகம்கூட படக்கூடாது.

நீங்க வச்சிருக்கது பால் பைத்தானாத்தான் (பந்து மாதிரி சுருண்டுக்குற சின்ன மலைப்பாம்பு) இருக்கும், பொட்டி ஏசி ரூம்ல இருக்கும்னு நெனைக்கிறேன். எங்கிட்ட இருக்கதும் அதுதான், ஆப்பிரிக்கா பாம்பு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் வெப்சைட்ல பதிஞ்ச பேப்பர் இருக்கு. நம்ம நாட்டு மலைப்பாம்ப 1972 வனவிலங்கு சட்டப்படி வீட்ல வைக்கவே கூடாதுன்னு எனக்கும் தெரியும், அதச் சொல்ல யாரும் கீழ கமெண்ட்டுக்கு வர வேணாம்.

எனக்கு ஊரு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்க மண்டபம். கடலோரத்துல ஈரத்துக்கு என்ன பஞ்சம்னு கேப்பாங்க. வெளிய பிசுபிசுன்னு தான் இருக்கும், ஆனா அண்ணன் கத்தார்ல இருந்து லீவுக்கு வந்தா அந்த ரூம்ல ராப்பகலா ஏசி ஓடும், குளிருதேன்னு பொட்டிக்கு அடில ஹீட் மேட் போடணும், ரெண்டும் சேந்து உள்ள இருக்க ஈரத்த மொத்தமா இழுத்துரும். அப்பத்தான் சட்டை துண்டு துண்டா கிழிஞ்சு முதுகுலயும் வால் நுனிலயும் ஒட்டிக்கிச்சு. நல்லா இருந்தா மூக்குல ஆரம்பிச்சு சாக்ஸ கழட்டுற மாதிரி உள்பக்கம் வெளிய வர ஒரே உரியா வந்துரும். அண்ணன் ஒரு பக்கம் "பிடிச்சு இழுத்துரலாம்டா"ங்குறாரு, அத்தை தேங்காண்ணெய் கிண்ணத்தோட வந்து நிக்குது. நான் ரெண்டு பேரையும் தொட விடல. அடில இருக்க புதுச் செதிலு முத்தலன்னா இழுத்ததும் பிஞ்சு புண்ணாகும், எண்ணெய்ல பிசுக்கு தான் மிச்சம்.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால காத்துக்கு ஓட்டை போட்டு, கை வச்சா சூடே தெரியாத வெதுவெதுப்புல, பாம்போட பாதி ஒடம்பு ஒசரத்துக்கு மட்டும் தண்ணி விட்டேன். எங்க போர் தண்ணி கைப்பு உப்பு, அதனால கேன் தண்ணி. அரை மணி நேரம் பக்கத்துலயே இருந்தேன், தனியா விட்டுப் போயிராதீங்க. அப்புறம் ஈர டவல லூசா கைல சுத்தி அதுக்குள்ள பூந்து போக விட்டேன், அது ஊர்ந்த வேகத்துலயே தோலு டவல்ல நின்னுருச்சு. வாலுல இருந்தது மட்டும் மறுநாளும் ஊற வச்சப்பறம் வந்துச்சு. வால்ல வளையமா நிக்கிறத சாதாரணமா நெனைக்காதீங்க, காய காய இறுக்கி ரத்த ஓட்டத்த நிறுத்திரும், நுனி செத்துப்போயிரும்.

எங்க சித்தப்பா கடலுக்குப் போறவரு. கடல்பாம்பு தன்னையே முடிச்சுப் போட்டு ஒடம்ப ஒடம்பால தேச்சு சட்டைய கழட்டும்பாரு. அது உண்மைதான், நடுக்கடல்ல தேய்க்க கல்லோ கட்டையோ கெடையாது, மேல பாசியும், படகுல ஓடு ஓடா ஒட்டுமே அந்தக் கொட்டலசும் ஒட்டுறதால கரைப்பாம்ப விட அடிக்கடி உரிக்கும். அந்தப் பாம்பு இழுவை மடில, அதான் படகு இழுத்துட்டுப் போற வலைல, எவ்வளவு சாகுது தெரியுமா? உசுரோட வந்தாலும் கட்டையால அடிச்சுத்தான் தூக்கிப் போடுறாங்க. எனக்கு "பாம்ப அடைச்சு வைக்கிறது பாவம்"னு சொல்ற ஆளுங்க கரைல செத்துக் கெடக்கத தாண்டி நடந்து போறாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. வயித்தெரிச்சல், சொல்லிட்டேன்.

ஒங்க பொட்டில ஒரசுறதுக்கு சொரசொரப்பான கட்டையோ கல்லோ இருக்கா பாருங்க. கண்ணு பால் மாதிரி நீலமா மங்குச்சுன்னா ஈரப்பதத்த 60-70 சதவீதத்துக்கு ஏத்துங்க, ஈரமான தென்னை நார்த்தூள் போட்ட ஒரு மூடுன டப்பா உள்ள வைங்க, உரிச்சு முடிக்கிற வரைக்கும் எரை போடாதீங்க, தூக்காதீங்க.

உரிச்ச சட்டைல கண்ணு மேல கண்ணாடி மாதிரி இருக்க மூடி ரெண்டும் வந்திருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வரலன்னா ஈரம் குடுத்துட்டு அடுத்த உரிப்பு வரைக்கும் பொறுங்க, பெரும்பாலும் அதோட வந்துரும். அதுலயும் வரலன்னாலோ, வால் நுனி கறுத்திருந்தாலோ, செதிலுக்கு நடுவுல கறுப்புப் புள்ளியா உண்ணி ஊர்ந்தாலோ ஊர்வன பாக்கத் தெரிஞ்ச டாக்டர்ட்ட போங்க, எங்களுக்கெல்லாம் அது மதுரையோ சென்னையோ தான்.