பின் விளக்கை நாமே மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரின் பின் விளக்கைப் பற்றியவை. மழைக்காலம் நெருங்கும்போது இப்படித்தான் வரும். பல்ப் மாற்றுவதும், முழு விளக்கைக் கழற்றி வேறு மாட்டுவதும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியின் ஒயரை வெட்டாதீர்கள். வேலை முடிந்ததும் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் திருகை இறுக்காதீர்கள். பதில்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரில் இடது பின் விளக்கு எரியவில்லை. என்ன செய்வது? (விழுப்புரம்)

எந்தக் கார், எந்த வருடம், எரியாதது பார்க் விளக்கா (முன் விளக்கோடு சேர்ந்து எரிவது), பிரேக்கா, இண்டிகேட்டரா? ஒன்றையும் எழுதவில்லை. பின் விளக்கு என்பது ஒரே கூட்டுக்குள் இருக்கும் மூன்று நான்கு விளக்குகள். ஒன்று மட்டும் எரியாவிட்டால் பல்பைப் பாருங்கள். அந்தப் பக்கம் எதுவுமே எரியாவிட்டால் பல்பை விட்டுவிட்டு எர்த்தையும் (கரண்ட் பாடிக்குத் திரும்பும் இணைப்பு) கப்ளரையும் (ஒயர்க் கட்டை விளக்கோடு இணைக்கும் செருகி) பாருங்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஹேட்ச்பேக் கார். டிக்கியைத் திறந்து ஓரத்தில் இருந்த இரண்டு திருகையும் கழற்றிவிட்டேன். விளக்கு அசைய மறுக்கிறது. திருப்புளியை விட்டு நெம்பலாமா? (தஞ்சாவூர்)

நெம்பவே கூடாது. பெயின்ட் போகும், விளக்கில் திருகு மாட்டும் காதும் உடையும். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் உள்பக்கம் திருகு, வெளிப்பக்கம் பாடியில் உள்ள கிளிப்புக்குள் செருகிய ஒன்றிரண்டு பிளாஸ்டிக் முளைகள். திருகை எடுத்த பிறகு விளக்கை இரண்டு கையாலும் பிடித்து, வண்டியின் பின்புறம் நோக்கி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் முளை முறியும். பல வருடம் கழற்றாத விளக்கு ஒரு சத்தத்தோடுதான் வரும், பயப்படாதீர்கள். வந்ததும் கீழே தொங்க விடாமல் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். செடான் காராக இருந்தால் பெரும்பாலும் டிக்கியின் உள் கார்ப்பெட்டை விலக்கி, நட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். நட்டு உள்ளே விழுந்தால் தேடி எடுக்கப் பாதி நாள் போகும். கீழே ஒரு துணியை விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நானே பல்ப் மாற்றினேன். இப்போது பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்கும் சேர்ந்து எரிகிறது! (கரூர்)

இரட்டை இழை பல்ப் போட வேண்டிய இடத்தில் ஒற்றை இழை பல்பைப் போட்டிருக்கிறீர்கள். பார்க்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என்று ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை இருக்கும் பி21/5டபிள்யூ பல்ப் வேண்டும். அதன் அடியில் இரண்டு ஈயப் பொட்டு இருக்கும். ஒற்றை இழை பல்பில் ஒரே பொட்டு, அது ஹோல்டரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிடுகிறது. அதனால் பிரேக் கரண்ட் பார்க் லைனுக்குள் போய், அதோடு சேர்ந்த டாஷ்போர்டு விளக்கையும் எரிக்கிறது.

இரட்டை இழை பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றிப் போடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பல்ப் உள்ளே போக அடம் பிடித்தால் அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள், வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். திருகினால் பார்க் விளக்கு பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையில் கொண்டு போங்கள். ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரம்தான். வேலை முடிந்ததும் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

கேள்வி: பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. பார்க் விளக்கு போட்டிருக்கும்போது பிரேக் போட்டால் எல்லாமே மங்குகிறது. மூன்று முறை பல்ப் மாற்றியாகிவிட்டது. (திண்டுக்கல்)

முதல் முறையே பல்பில் குற்றமில்லை என்று தெரிந்திருக்க வேண்டுமே. இது எர்த் கோளாறு. பாடிக்குத் திரும்ப வேண்டிய கரண்டுக்கு வழி கிடைக்காமல், பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகிறது. ஹோல்டரின் பித்தளைத் தகடு பச்சை பூத்திருக்கும், அல்லது விளக்குக்கு அருகில் பாடியில் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் திருகு துருவேறியிருக்கும். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள். கடலோர ஊர்களிலும், சாக்கடைத் தண்ணீரில் நின்று எழுந்த வண்டிகளிலும் இதுதான் முதல் சந்தேகம். கரண்ட் வருகிறதா என்று காட்டும் ஒரு டெஸ்ட் லேம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் புதிர் அதிலேயே தீரும்.

கேள்வி: எல்இடி இண்டிகேட்டர் பல்ப் போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது. ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். (திருப்பூர்)

21 வாட் பல்பை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாட் எல்இடி போட்டால், ஒரு பல்ப் போய்விட்டதாக வண்டி நினைத்துக்கொள்கிறது. வேகமாக அடிப்பது அதன் எச்சரிக்கை. ரெசிஸ்டர் (கரண்டை இழுத்துக்கொள்ளும் சின்னத் தடை) போட்டால் சரியாகும், ஆனால் எல்இடி மிச்சம் பிடித்த கரண்டையெல்லாம் அது சூடாக்கித் தீர்க்கும். பிளாஸ்டிக் மேலோ ஒயர் கட்டின் மேலோ வைத்தால் உருகும். பழைய பல்பையே திரும்பப் போடுங்கள் என்பதுதான் என் பதில். பிரேக் விளக்குக்கு மலிவான எல்இடி போடுவது இன்னும் மோசம். பலவற்றில் பார்க் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வித்தியாசமே தெரியாது. போட்டே தீருவேன் என்றால் சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்இடி போடுங்கள். வெள்ளை போட்டால் சிவப்பு வெளுத்துப் போய் ரோஸ் நிறத்தில் தெரியும்.

கேள்வி: பின் விளக்குக்கு லேசாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிக்குத்தானே தடை, விளக்குக்கு இல்லையே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (கோயம்புத்தூர்)

இன்றைக்கே உரித்து எறியுங்கள் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை சொன்னது ஜன்னல் கண்ணாடி பற்றி, அது உண்மை. அதனால் விளக்குக்கு அனுமதி இருக்கிறது என்று யார் சொன்னது? தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. விளக்கும் வண்டியில்தான் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். பாதி வெளிச்சத்தை விழுங்கும் ஃபிலிம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 21 வாட் பிரேக் விளக்கு இப்போது ஏறக்குறைய 10 வாட்டின் வேலையைத்தான் செய்கிறது. இரவில் எப்படியோ தெரிந்துவிடும். பகலில்? காலையில் சென்னையிலிருந்து பெங்களூர் பக்கம் போகிறவர்களுக்குப் பின் விளக்கின் மேல் வெயில் நேராக விழும். நல்ல விளக்கே அந்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்று சந்தேகமாகத்தான் தெரியும். அதைப் பாதியாக்கினால் பின்னால் வருகிறவர் நீங்கள் பிரேக் போட்டதை உணர அரை விநாடி கூடுதலாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்றால் 11 மீட்டர். மூன்று சிறிய கார்களின் நீளம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. பின் விளக்கின் மூடியில் ஒரு பகுதி தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். அது பல்புக்கானது இல்லை, பிரதிபலிப்பான். பல காரில் பம்பரில் தனியாக இருக்கும், பல காரில் விளக்கோடு சேர்ந்தே இருக்கும். சேர்ந்திருக்கும் காரில் ஃபிலிம் ஒட்டினால், பின்னால் வரும் லாரியின் வெளிச்சம் உள்ளே போகும்போது பாதி, திரும்பும்போது மீண்டும் பாதி. ஆக, திரும்பி வருவது கால் பங்குதான். பேட்டரி செத்து, ஒரு விளக்கும் எரியாமல், ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறீர்கள். அப்போது வண்டியில் வேலை செய்வது அந்தப் பிரதிபலிப்பான் ஒன்றுதான். டயர் மாற்றக் குந்தியிருப்பது நீங்கள். அதன் மேலா கறுப்பு ஒட்டுவது?

ஓட்டுகிறவர் தன் பின் விளக்கை ஒருநாளும் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர் பார்ப்பதற்காக மட்டுமே வண்டியில் இருக்கும் பொருள் அது. நின்ற காரைச் சுற்றி வந்து அழகு பார்ப்பவருக்காக அதை மங்கவைப்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். இதைச் செய்துதரும் கடைக்காரர்களிடமும் நேரில் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

உரிக்கும் முறை: தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பசையைச் சோப்புத் தண்ணீரால் ஊறவைத்துத் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், பின் விளக்கின் மூடி பெரும்பாலும் அக்ரிலிக், நுண்ணிய விரிசல் விழும். ஃபிலிமுக்குப் பதில் கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தால் விளக்கையே மாற்றுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: விளக்குக்குள் தண்ணீர். சிலிகான் பூசி அடைத்துவிடலாமா? (நாகர்கோவில்)

காலையில் லேசான பனி மூட்டம் போலப் படிந்து, விளக்கு எரிந்ததும் மறைந்தால் அது ஒன்றும் செய்யாது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கவலை. மூடியில் விரிசல் இருக்கிறதா, பின்பக்க ரப்பர் கேஸ்கெட் நசுங்கியிருக்கிறதா, ஹோல்டர் முழுதாகத் திரும்பிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். சிலிகானை அப்பி அதை அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வரவே வராது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் செம்பையும் பித்தளையையும் அரிக்கவும் செய்யும். கேஸ்கெட்டை மாற்றுங்கள். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் பியூட்டைல் பட்டையை (பசைபோல ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டுங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு அணையவில்லை. காலையில் பேட்டரி காலி. (மதுரை)

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தொடும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் பழையதாகி நொறுங்கி விழுந்திருக்கும். டார்ச் அடித்து மிதியடியைப் பாருங்கள், துண்டு கிடக்கும். ஸ்விட்சின் முனை பொத்தான் இருந்த ஓட்டைக்குள் நுழைந்துகொள்வதால், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைக்கிறது. பொத்தான் சில்லறைக் காசுதான். அது வரும் வரை பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, மூன்று பிரேக் விளக்கும் ஒரே நேரத்தில் எரியாமல் போனால் பல்பைக் கழற்றாதீர்கள். மூன்று பல்ப் ஒரே நாளில் போகாது. ஃப்யூஸையும் இந்த ஸ்விட்சையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரில் இந்த ஸ்விட்ச் கெட்டால் கியர் பார்க்கிலிருந்து நகராமலும் நின்றுவிடலாம்.

கேள்வி: பின் விளக்கு ஃப்யூஸ் வாரம் ஒருமுறை போகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போட்டுவிடலாமா அண்ணா? (ஈரோடு)

போடாதீர்கள். ஃப்யூஸ் போவதற்குப் பதில் ஒயர் எரியும். டிக்கிக் கதவின் கீல் பக்கத்தில் சுருங்கி விரியும் ரப்பர் குழாயை இறக்கிப் பாருங்கள். வருடக்கணக்கில் திறந்து மூடி, உள்ளே ஏதாவது ஒரு ஒயரின் தோல் கிழிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம்பர் பிளேட் விளக்கும் நடு பிரேக் விளக்கும் அடிக்கடி மக்கர் செய்வதற்கும் இதே இடம்தான் காரணம். அங்கே எதுவும் இல்லையென்றால், யாராவது எல்இடி பட்டை மாட்டுவதற்காக ஒயரைச் சீவி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். ஒயரை வெட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் விளக்கு வாங்கலாமா? கம்பெனி விளக்கு விலை அதிகமாக இருக்கிறது. (சென்னை)

தாராளமாக வாங்கலாம். திருகு மாட்டும் காதுகளும் முளைகளும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள், காது ஒட்டிய விளக்கு வேண்டாம். வெயிலில் பிடித்து உள்ளே நீர்க்கறை இருக்கிறதா பாருங்கள். ஆர்எச் (வலது), எல்எச் (இடது) சரிபாருங்கள். ஒரே மாடலில் நடுவில் விளக்கு மாறியிருக்கும், ஆகவே வருடம் சொல்லிக் கேட்பதோடு பழைய விளக்கையும் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கினால் பல கம்பெனியில் விளக்கு மட்டும்தான் தருவார்கள், ஹோல்டரும் பல்பும் தனி. பழைய ஹோல்டரை வீசிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியவர்கள் இரண்டு பேர்.

கேள்வி: மழையில் ஹசார்டு (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து அடிப்பது) போட்டுக்கொண்டு ஓட்டினால் பின்னால் வருகிறவருக்கு நல்லதுதானே? (கோத்தகிரி)

இல்லை. ஹசார்டு எரியும்போது நீங்கள் போடும் இண்டிகேட்டர் அவருக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் நின்றுவிட்டீர்களா, போகிறீர்களா என்றும் புரியாது. முன் விளக்கை லோ பீமில் போடுங்கள், பின்னால் பார்க் விளக்கும் சேர்ந்து எரியும். பின் ஃபாக் விளக்கு இருந்தால் பனிமூட்டத்தில் போடுங்கள், மூட்டம் விலகியதும் அணையுங்கள். ஹசார்டு, நின்ற வண்டிக்கு.

கேள்வி: வீட்டில் தனியாக இருக்கிறேன். பிரேக் விளக்கை எப்படிச் சோதிப்பது? (காரைக்குடி)

இருட்டியதும் வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். இல்லையென்றால் போனை வீடியோவில் போட்டுப் பின்னால் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு மிதியுங்கள். மாதம் ஒருமுறை செய்யுங்கள். பார்க், பிரேக், இரண்டு இண்டிகேட்டர், ரிவர்ஸ், நம்பர் பிளேட், நடு பிரேக், எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

கேள்வி: பல்பைக் கையால் தொடக் கூடாதாமே? (வேலூர்)

அது முன் விளக்கின் ஹாலஜன் பல்புக்கான விதி. பின் விளக்கின் சாதாரண பல்பைத் தொடலாம், துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எரிந்துகொண்டிருந்த பல்பாக இருந்தால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.