சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கும் அப்பாவுக்கு ஐசியுவில் சாச்சுரேஷன் 90தான் காட்டுகிறது. ஆக்சிஜனை ஏன் கூட்ட மறுக்கிறார்கள்?

உங்கள் அப்பா வருஷக்கணக்காக பீடியோ சிகரெட்டோ பிடித்தவராக இருப்பார், இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பாதவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த 90, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம் என்பது, அலட்சியம் இல்லை. வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை, ஐசியு ஸ்டாஃப் நர்ஸ். "நர்ஸுக்கு என்ன தெரியும்" என்று எழுதுபவர்கள் எழுதட்டும். டாக்டர் சொன்ன அளவுக்கு ஃப்ளோ மீட்டரைத் திருப்புவதும், அப்புறம் ராத்திரி முழுக்க நோயாளியைக் கவனிப்பதும் நாங்கள்தான்.

எங்களிடம் இதே மாதிரி ஒரு பெரியவர் இருந்தார். மூக்குக் குழாயில் 2 லிட்டர், சாச்சுரேஷன் 89, 90. பார்க்க வந்த மகனுக்குப் பொறுக்கவில்லை. "ஆக்சிஜனுக்குக்கூட கணக்கு பார்ப்பீங்களா சிஸ்டர்?" என்று சத்தம் போட்டார். நான் பக்கத்து பெட்டில் சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவரே குமிழைத் திருகிவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், ஃப்ளோ மீட்டர் குண்டு 8-ல் நிற்கிறது, தண்ணி பாட்டில் உலை மாதிரி கொதிக்கிறது, மானிட்டரில் 98. "அப்பா இப்பதான் நிம்மதியா தூங்குறார்" என்கிறார் மகன்.

அது தூக்கமே இல்லை. தோளைத் தட்டினேன், கண் திறக்கவில்லை. உள்ளங்கை சூடாக வேர்த்திருந்தது. உடனே ஏபிஜி, அதாவது ரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவைப் பார்க்கும் டெஸ்ட், எடுத்தோம். 35-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு 86. சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் இப்படி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். விரலில் மாட்டும் ப்ரோப் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், இதைக் காட்டவே காட்டாது. டியூட்டி டாக்டர் ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாச்சுரேஷன் முன்னைவிடக் கீழே போய்விடும். சாச்சுரேஷனை 88-92க்குள் இறக்கி, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் போட்டார். விடிவதற்குள் பெரியவர் கண் திறந்து பேசினார்.

இது ஏதோ எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். சிஓபிடி மூச்சுத்திணறல் என்று ஏற்றிய 405 பேரில், அதிக அளவில் ஆக்சிஜன் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88-92க்குள் வைத்த பிரிவில் 4 சதவீதம்.

உடனே "அப்போ எல்லாருக்கும் 90 போதுமா" என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினை இல்லாத பெரும்பாலானவர்களுக்கு 94-98 என்று வைப்பார்கள். உங்கள் அப்பாவுக்கே 88-க்குக் கீழே போனால் கூட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மூன்று பெட்டுக்கு நான் ஒருத்தி. ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு ஆள் இருந்தால் யார் கையும் குமிழுக்குப் போயிருக்காது. கான்ட்ராக்ட் சம்பளத்துக்கு ஆள் எடுத்து, அதிலும் பாதி இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். அட்டெண்டர்களோ மானிட்டரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு எங்களைத் திட்டுகிறார்கள்.

நாளைக்குப் போனதும் இரண்டு விஷயம் கேளுங்கள்: அப்பாவுக்கு டார்கெட் சாச்சுரேஷன் எவ்வளவு, கடைசி ஏபிஜியில் சிஓ2 எவ்வளவு. அப்பா வழக்கத்தைவிட அசந்து தூங்கினாலோ, காலையில் தலைவலி என்றாலோ, மானிட்டரில் 98 இருந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.