புழு ஊர்ந்தாற்போல் கோடுகள்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. பல்கனிக்கு மண்ணிற அலுமினியத் தகடு அடித்து நாலு வருடம்தான் ஆகிறது. திருகாணிகளைச் சுற்றிப் பூச்சு பொங்கி, அங்கிருந்து புழு ஊர்ந்தாற்போல் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. மேலால் எனாமல் பெயின்ட் அடித்தால் சரி என்கிறார் பாஸ். அடிக்கலாமா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: வேண்டாம் தங்கச்சி. புதுப் பெயின்டுக்கு அடியிலும் அந்தப் புழு ஊரும்.

பொங்கிய இடத்தில் நகத்தால் ஒரு செதிலைக் கிளப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை மா மாதிரி இருந்தால், அதுதான் அலுமினியத்தின் கறள். (அலுமினியம் கறள் பிடிக்காது என்று சொல்லி விற்பவர்கள் மரைன் டிரைவில் ஒரு வருடம் குடியிருந்து பார்க்கட்டும்.) வெட்டிய விளிம்பு, கீறல், துளை வழியாகத்தான் உப்பு உள்ளே போகும். பவுடராகத் தூவிய பூச்சை அடுப்பில் சுட்டபின் துளை போட்டால் துளையின் வாய் வெறும் உலோகம். அதில் இரும்புத் திருகாணியையும் முடுக்கினால், உப்பீரத்தில் முதலில் கரைவது அலுமினியம்தான்.

ஆனால் கோடு அவ்வளவு தூரம் ஓடியிருந்தால் எனக்குச் சந்தேகம் பூச்சுக்கு முன் செய்யும் கழுவலில். பட்டறையில் நானும் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். அவசர வேலை, தின்னரால் துடைத்துவிட்டுப் பவுடர் அடித்துக் கொடுத்தோம். இரண்டாம் வருடம் தகடு திரும்பி வந்தது. பவுடர்ப் பூச்சின் தடிப்பு 60 மைக்ரோனுக்குக் குறையாமல் இருந்தது, 200 பாகையில் பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் வெந்தது. என்ன பயன்? எண்ணெய் போகக் கழுவி, காரத்திலும் அமிலத்திலும் மேற்தோலை அரித்து, பூச்சைப் பிடிக்கவைக்கும் குரோமேட் போன்ற படலம் ஏற்றாமல் விட்டால் பிடிப்பு இல்லை. கடலோர வேலைக்குச் சதுர மீற்றருக்கு 2 கிராம் உலோகமாவது அரிபட வேண்டும். வாடிக்கையாளர் எல்லோரும் நிறத்தைக் கேட்பார்கள். கழுவினீர்களா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டு மூன்று இடத்தில்தான் என்றால், உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, அன்றைக்கே இரண்டு டின் கலக்கும் எபொக்சி பிரைமர் பூசுங்கள். அதன்மேல் பொலியூரித்தேன் பெயின்ட். எபொக்சியை வெயிலில் வெறுமனே விட்டால் சுண்ணாம்பாய் உதிரும். நிறைய இடம் என்றால் தகடுகளைக் கழற்றிக் கொடுத்து, பழைய பூச்சை உரித்து, துளைகளையும் போட்டுவிட்டுப் புதிதாகச் சுடச் சொல்லுங்கள். திருகாணி ஸ்டெயின்லெஸ், அதற்கு நைலோன் வாஷர்.

அப்புறம், மாதம் ஒருமுறை மென்மையான சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கம்பித் தும்பு வேண்டாம். மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கியதும், மழை படாத மேல் மூலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.